வடிவம் மட்டும் சொல்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள கீர்த்தி,

இங்கே நான், உன் அண்ணன், அத்தை மூவரும் சுகம். அத்தையின் முட்டி மட்டும் சுகமில்லை. உன் சைனஸ் எப்படி இருக்கிறது? புனே குளிருக்குத் தலையில் துண்டு கட்டிக்கொள். அங்கே யாரும் உன்னைப் பெண் பார்க்க வரப்போவதில்லை.

இந்தக் காலத்தில் யாருடி கடிதம் எழுதுவார்கள் என்று சிரிப்பாய். போனில் உன்னோடு பேச முடிகிறதா? உன் பெயர் திரையில் வந்ததுமே அத்தை, "ஸ்பீக்கர்ல போடும்மா" என்கிறார். சாயப்பட்டறையில் நூல் பிழிகிறவர் முதல் பாவு நூல் எடுக்க வந்த நெசவாளர் வரை எல்லாரும் சுற்றி நின்று கேட்கிறார்கள். நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்கள் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஸ்டாண்டு.

அத்தை இப்போது ஏகாம்பரநாதர் கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "எம் பொண்ணு நட்சத்திரத்துக்கெல்லாம் வயசு பார்த்துக்கினு இருக்குது" என்று சொல்லிவருகிறார். போன வாரம் ஒருவர், தன் பையனுக்கு எப்போது கல்யாணம் கூடும் என்று உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

நான் சிரித்தேன். வயிறும் எரிந்தது, மறைப்பானேன்? உன்னைவிடப் பதினோரு மார்க் அதிகம் வாங்கியவள் நான். ஆராய்ச்சிப் படிப்புக்கு இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. நான் உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே நின்றேன். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. மாமன் மகளுக்கு உரிமை என்று பெரியவர்கள் பேசினார்கள், எனக்கும் அவரைப் பிடித்திருந்தது, இன்றும் பிடிக்கும். இப்போது பட்டறையில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை என்னுடையது. நான் சரி என்றால்தான் சாயம் ஏறிய நூல் சிட்டம் தறிக்குப் போகும்.

ஆனால் நீ என்னதான் செய்கிறாய் என்று தெரியாமல் பொறாமைப்படுவது கஷ்டமாக இருக்கிறது. விவரமாக எழுது. ஒழுங்காகப் பொறாமைப்படுகிறேன்.

உன் அண்ணன் விசாரித்தார். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
துர்கா


புனே
21 பிப்ரவரி 2025

அன்புள்ள துர்கா,

அண்ணி என்று எழுதாததற்கு அம்மா திட்டுவாள், அவளிடம் இதைக் காட்டாதே. சைனஸ் அப்படியே இருக்கிறது. மற்றபடி நலம். உங்கள் எல்லோரின் நலமும் உன் கடிதத்தில் தெரிந்துகொண்டேன்.

நான் செய்வது பெரிய மந்திரம் இல்லை. நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். பிறக்கிறவற்றில் கனமானவை நீலமாக எரிந்து சில கோடி வருஷத்துக்குள் தீர்ந்துபோகும். சின்னவை சிவப்பாக, சிக்கனமாக, பல்லாயிரம் கோடி வருஷம் இருக்கும். அதனால் ஒரு கேலக்ஸி நீலமாகத் தெரிந்தால் அங்கே இன்னும் பிரசவம் நடக்கிறது. மொத்தமாகச் சிவந்திருந்தால் நின்றுவிட்டது, மிச்சம் இருப்பதெல்லாம் கிழடு.

இதிலும் குடும்பத்துக்குக் குடும்பம் வித்தியாசம். நீள்வட்டக் கேலக்ஸிகள் அவசரக்காரிகள். பிரபஞ்சம் இளசாக இருந்தபோதே மளமளவென்று பெற்றுத் தள்ளிவிட்டுக் கை கழுவிவிட்டன. நம் பால்வீதி மாதிரி சுருள்கள் நிதானக்காரிகள், இன்றும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு சூரியன் கனத்துக்குப் பெறுகின்றன. ஒழுங்கில்லாத குட்டிக் கேலக்ஸிகளுக்கு மனம் போன போக்கு. ஒரு சுருள், கேலக்ஸிகள் நெருக்கமாக இருக்கும் கூட்டத்துக்குள் விழுந்தால் அங்குள்ள சூடான வாயு அதன் குளிர்ந்த வாயுவை உருவிவிடும். அதோடு பிறப்பு நின்றுபோகும்.

நானும் ஷாரோனும் அப்படி ஒரு கூட்டத்தின் ஓரத்தில் நாற்பத்திரண்டு கேலக்ஸிகளைப் பார்த்துவருகிறோம். ஷாரோன் என் பக்கத்து மேசை, ரொம்பக் கெட்டிக்காரி, உனக்குப் பிடிக்கும். அதில் பதினொன்று உள்ளே விழுவதற்கு முன்பே சிவந்து நின்றுவிட்டன. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் எங்கள் கட்டுரை. டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. நவம்பரில் நிரந்தர வேலைக்கு நேர்காணல். கட்டுரை வெளிவந்தால் வேலை கிடைக்கும். இல்லையென்றால் முப்பத்தாறு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான்.

ஒரு உதவி. படங்களை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் பதினொன்றுக்கு மூலையில் பேனாவால் குறி போட்டிருக்கிறேன். எது சுருள், எது நீள்வட்டம், எது ஒழுங்கில்லாதது என்று வெளியாள் ஒருவர் தனியாகப் பிரிக்க வேண்டும். நிறத்தைக் கணினியிலேயே அளந்துவிட்டோம். நீ வடிவம் மட்டும் சொல். கட்டுரை முடிவில் நன்றிப் பட்டியலில் உன் பெயர் வரும்.

அண்ணனுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

கீர்த்தி


பிள்ளையார்பாளையம்
10 மார்ச் 2025
(அன்று தபாலில் சேர்க்காத கடிதம்)

அன்புள்ள கீர்த்தி,

அனைவரும் நலம். மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு, முதலில் இதைப் படி.

உன் படங்களைப் பட்டறை வாசலில் காலை வெயிலில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ட்யூப் லைட்டில் நிறம் பார்த்தால் உன் அண்ணன் என்ன சொல்வார் என்று உனக்கே தெரியும். அவர் ஈரக் கையோடு வந்து பதினேழாம் எண் படத்தைக் குனிந்து பார்த்தார். "இன்னாமா இது, தட்டு நடுவுல கரி இழுத்தாப்ல இருக்குது?" என்றார். வயதாகிச் சிவந்துபோனதாம் என்று சொன்னேன். "வயசானா வெளுக்கும்மா. இது அழுக்கு படிஞ்சு கறுத்துக்கினு இருக்குது. மடிப்புல பாரு, எப்டி அப்பிக்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பிழியப் போய்விட்டார்.

கீர்த்தி, அவர் சொன்னது சரி. அதே நிறத்தில் புதுப்புடவை வேண்டும் என்று மாதிரிக்குப் பழைய புடவை கொண்டுவருவார்களே, அதில் நாம் முதலில் என்ன செய்வோம்? உதறுவோம். வயதான அரக்கு நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராக வெளுத்திருக்கும். பெட்டியில் கிடந்து தூசு படிந்த அரக்கு மடிப்பில் கறுத்திருக்கும். உதறாமல் நிறம் கூட்டினால் தப்புச் சாயம் வரும். நீ உதறாமல் நிறம் எடுத்திருக்கிறாய்.

குறி போட்ட பதினொன்றில் ஏழு, நமக்குப் பக்கவாட்டில் நிற்கும் சுருள்கள். ஏழிலும் நடுவில் அந்தக் கறுப்புக் கோடு. அது தூசு. தூசு நீலத்தை விழுங்கிவிட்டுச் சிவப்பை வெளியே விடும் என்று நாம் சேர்ந்துதானே படித்தோம்? அவை நின்றுபோனவை இல்லை. தூசுக்குப் பின்னால் இன்னும் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. அகச்சிவப்பில் பார், அந்தத் தூசு சூடாகி ஒளிர்வது தெரியும்.

உன் கட்டுரையை அனுப்பாதே. நிறுத்து.

துர்கா


பிள்ளையார்பாளையம்
12 மார்ச் 2025

அன்புள்ள கீர்த்தி,

அனைவரும் நலம். உன் நலத்துக்குக் காமாட்சி துணை.

நாற்பத்திரண்டையும் பிரித்துவிட்டேன். சுருள் இருபத்தாறு, நீள்வட்டம் ஒன்பது, ஒழுங்கில்லாதவை நான்கு, சொல்ல முடியாதவை மூன்று. எண்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

நீ வடிவம் கேட்டாய், வடிவம் சொல்லிவிட்டேன். நிறத்தைத்தான் நீயும் உன் ஷாரோனும் கணினியில் அளந்துவிட்டீர்களே. நன்றிப் பட்டியலில் என் பெயர் எங்கே வரும்? கணினி பழுது பார்த்தவருக்கு முன்னாலா, பின்னாலா?

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

துர்கா


புனே
25 மார்ச் 2025

அன்புள்ள துர்கா,

நலம். உன் கடிதம் நாலு வரியில் முடிந்துவிட்டதே, உடம்பு சரியில்லையா? கணினிக்காரருக்கு முன்னால்தான் உன் பெயர், கோபிக்காதே.

உன் பட்டியலும் ஷாரோன் பட்டியலும் முப்பத்தொன்பதில் ஒத்துப்போகின்றன. "உங்க அண்ணிக்கு நல்ல கண்ணு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புகிறோம். அதற்குள் ஒன்று கேட்க வேண்டும். படங்களில் வேறு ஏதாவது உன் கண்ணில் பட்டதா? எதுவானாலும் சரி. ஒரு வரி போதும், போனில் சொன்னாலும் சரி. சீக்கிரம் கிடைக்கட்டும் என்று இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

அம்மாவின் முட்டிக்குத் தைலம் பார்சலில் வரும்.

கீர்த்தி


பிள்ளையார்பாளையம்
19 மே 2025

அன்புள்ள கீர்த்தி,

எல்லோரும் சுகம். தைலம் வந்தது. அத்தை தடவிக்கொண்டு, "எம் பொண்ணு அனுப்புனது" என்று தெருவுக்கே மணக்க நடந்துவருகிறார். தினமும் இரண்டு வேளை தேய்த்துவிடுகிற கை யாருடையது என்று தெரு கேட்கவில்லை.

உன் மார்ச் மாதக் கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. எங்கே சுற்றிவிட்டு வந்ததோ. அப்புறம் வரதருக்குக் கருட சேவை, ஊரில் கால் வைக்க இடமில்லை. முகூர்த்தச் சேலைகளுக்கு வேறு அவசரம். அதனால் பதில் தாமதம்.

கட்டுரை போய்விட்டது என்று நீ போனில் சொன்ன அன்று அத்தை வீடு வீடாக இனிப்பு கொடுத்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவள் நான். திரும்பி வரும்போது, "நீயும் போயிருந்தா..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி வுடு, வூட்டப் பார்க்க ஒரு ஆளு வேணும் இல்ல" என்று முடித்தார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அந்தத் தட்டை அங்கேயே போட்டுவிட்டு நடக்கலாம் போல இருந்தது.

நீ கேட்டிருந்தாயே, வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

துர்கா


புனே
11 ஜூன் 2025

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

இங்கு நலம். அங்கும் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்துவிட்டது. பதினொன்றில் ஏழு, நடுவில் கறுப்புக் கோடு ஓடும் பக்கவாட்டுச் சுருள்கள், அவற்றின் சிவப்பு வயதால் வந்ததில்லை, தூசால் வந்தது, கண்ணால் பார்த்தாலே தெரிகிறதே என்று எழுதியிருக்கிறார். கடைசி மூன்று வார்த்தைகளுக்கு அடியில் தனியாகக் கோடு போட்டிருக்கிறார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். ஷாரோன் அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. நேர்காணலுக்குக் கையில் ஒன்றுமில்லை.

என் கடிதம் மே மாதம் வந்ததாக எழுதியிருந்தீர்கள். ஸ்பீட் போஸ்ட் எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தேன். மார்ச் 29, பகல் 12.10, பெற்றுக்கொண்டவர் துர்கா என்று இருக்கிறது.

புடவையில் ஒரு நூல் மங்கினாலே எட்டடி தூரத்தில் கண்டுபிடிக்கிறவர் நீங்கள். அந்தக் கறுப்புக் கோடு உங்கள் கண்ணில் பட்டதா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

கீர்த்தி


பிள்ளையார்பாளையம்
17 ஜூன் 2025

கீர்த்தி,

பட்டது. மார்ச் பத்தாம் தேதியே பட்டது. அன்று எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உறை ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டியிருப்பதைப் பார். தபால் பெட்டி வரை எடுத்துப் போனேன்.

பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது நினைத்துப் பார்த்தேன். நீ திருத்திக்கொள்வாய். கட்டுரை இன்னும் நன்றாக வரும். உனக்கு வேலை கிடைக்கும், அத்தை இனிப்பு கொடுப்பார், நான் தட்டு தூக்குவேன். கடைசிப் பக்கத்தில் என் பெயருக்கு ஒரு நன்றி. நாலு நாள் பட்டறை வெயிலில் நின்று நான் பார்த்தது உன்னுடையதாகிவிடும். கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். உன் அண்ணனிடமும், அவர் சொன்னதை நான் எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பினார்.

நீ நேரடியாகக் கேட்டபோதும் சொல்லவில்லை. ஏழு வாரம் உன் கடிதத்தை, நிறம் ஒப்பிடும் ஷேட் கார்டுகளுக்கு அடியில் வைத்திருந்தேன். நீ அனுப்பி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். தபால்மேல் பழி போட்டது பொய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் ஜூன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனால் வந்தது. குக்கர் மூன்று விசில் அடிக்கிற வரைக்கும் இருந்தது. அப்புறம் அத்தை உள்ளே வந்து, "கீர்த்தி இன்னா எழுதிக்கிது?" என்று கேட்டார். நல்லா இருக்காளாம் என்று சொன்னேன். சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், தட்டை மூடி வைத்துவிட்டு இதை எழுத வந்துவிட்டேன்.

மன்னிப்பு கேட்கும் யோக்கியதை இல்லை. திட்டு. பதில் மட்டும் எழுது.

துர்கா


புனே
30 ஜூலை 2025

துர்கா,

ஆறு வாரம் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் என்று நினைத்திருப்பாய். முதல் வாரம் கோபம்தான். மீதி ஐந்து வாரம் வெட்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அச்செடுத்த அன்றைக்கே பதினேழாம் படத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. சாயக்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா அது? எதிர்பார்த்த முடிவு கணினியில் வந்துவிட்டது, வந்ததைக் கலைக்க மனமில்லை. ஷாரோன் அப்போதே சொன்னாள், உங்க அண்ணிக்கு நிறம் பார்ப்பதுதானே தொழில், நிறத்தையே கேட்டுவிடு என்று. வேண்டாம் என்றேன். கேட்டால் நீ ஒரே பார்வையில் சொல்லிவிடுவாய். சொன்னால் அது உன் கண்டுபிடிப்பு. பதினோரு மார்க் அதிகம் வாங்கியவள், பட்டறை வாசலில் நின்றுகொண்டே என் ஐந்து வருஷ வேலையைத் திருத்தினாள் என்று ஆகிவிடும். அதனால்தான் வடிவம் மட்டும் சொல் என்று எழுதினேன்.

மனசு உறுத்தியதால் மார்ச்சில் ஒரு தடவை கேட்டேன். பதில் வராததையே பதில் என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். மே மாதம் 'எதுவும் கண்ணில் படவில்லை' என்று நீ எழுதியதைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. உனக்கே தெரியவில்லை என்றால் நான் தப்பு செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ அங்கேயே இருந்துவிட்டதால்தான் நான் முன்னால் வந்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்குப் பயம். நீ வந்திருந்தால் இந்த நாற்காலி உன்னுடையது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னபடி அகச்சிவப்பில் பார்த்தோம். ஏழும் பளிச்சென்று இருக்கின்றன. நின்றுபோகவில்லை. கூட்டத்துக்குள் விழுவதற்கு முன்னால் எப்போதையும்விட வேகமாகப் பெற்றுக்கொண்டிருக்கின்றன. இது பழைய கட்டுரையைவிட நல்ல கட்டுரை. இதில் உன் பெயர் நன்றியில் வராது, எழுதியவர்கள் வரிசையில் வரும். மூன்று பெயர். முதல் பெயர்தான் உலகத்தின் கண்ணில் நிற்கும். வரிசையை நீ எழுதி அனுப்பு, மாற்றாமல் போடுகிறேன். நவம்பர் நேர்காணலை நான் ஞாபகப்படுத்தக் கூடாது. ஞாபகப்படுத்திவிட்டேன் பார்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லாதே.

கீர்த்தி


பிள்ளையார்பாளையம்
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கீர்த்தி,

அத்தைக்கு முட்டி தேவலை. உன் அண்ணனுக்கு ஆடித் தள்ளுபடிச் சேலைகளுக்கு நூல் தோய்த்தே இடுப்பு போய்விட்டது. நான் நலம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. கள்ளி, நீயுமா என்று வாய்விட்டே சொன்னேன். "யாரும்மா கள்ளி?" என்று அத்தை கேட்டார், கிளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

வரிசையை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ முதலில், நான் இரண்டாவது, உன் ஷாரோன் எனக்குப் பின்னால். அவள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் பின்னால்தான். எழுதியவர்களின் விலாசம் கேட்பார்களாமே. என் பெயருக்குக் கீழே உங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைப் போட்டுவிடாதே. நான் அங்கே வந்ததே இல்லை. சாயப்பட்டறை, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம் என்று போடு. யாராவது சிரித்தால் எனக்கு எழுது.

பெருந்தன்மை என்று நினைத்துக் கண் கலங்கிவிடாதே. முதலில் என் பெயரைத்தான் மேலே எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. மூன்று நாள் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பிறகு டிசம்பரில் நீ பெட்டியோடு வந்து வாசலில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அத்தை உனக்குத் தட்டு வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைப்பார். நீ பட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சிட்டம் பிரிப்பாய். தெருவில் போகிறவர்கள் பாவம் என்பார்கள், நானும் பாவம் என்பேன். அது மட்டும் என்னால் ஆகாது கீர்த்தி. உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுத்தான் எனக்குப் பழக்கம், பாவப்பட்டுப் பழக்கமில்லை.

நேர்காணலுக்குப் போ. நன்றாகச் செய்.

உன் அண்ணி,
துர்கா